வியாழக்கிழமை வஞ்சிரம்

ராயபுரத்துக்குக் குளிர்காலம் என்று ஒன்று வந்தது 1953-ஆம் வருஷம்தான். அதுவும் ஊர் பூராவுக்கும் இல்லை. எங்கள் தெருவில் அத்தாவுல்லா பாய் வீட்டுக் கூடத்துக்கு மட்டும். சித்திரை வெயில் ரோட்டுத் தாரைப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கோணிப்பை போர்த்திக்கொண்டு மாட்டு வண்டியில் அது வந்து இறங்கியது.

பாய் ஹார்பரில் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்கிறவர். கோழி, முட்டை, வெங்காயம் என்று எது கேட்டாலும் படகில் ஏற்றிக் கப்பலுக்கே கொண்டு போய்க் கொடுப்பார். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு கப்பல் துரை, "இதை ஏத்தினா என் பொண்டாட்டிக்கு இடம் பத்தாது" என்று யோசித்து, பொண்டாட்டியை ஏற்றிக்கொண்டு இதைப் பாயிடம் விட்டுவிட்டாராம். துரை தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்பது எங்கள் தெருவின் ஏகமனதான அபிப்பிராயம்.

கோணியை உரித்தோம். உள்ளே வெள்ளை வெளேரென்று ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி. மோட்டார் கார் கதவுக்கு இருப்பது போல ஒரு கைப்பிடி. "ரெஃப்ரிஜிரேட்டர்" என்றார் பாய். அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்ததில் எங்கள் தெருவில் இரண்டு பேருக்குப் பல் ஆட ஆரம்பித்தது. பொழுது சாய்வதற்குள் அதற்கு ஐஸ் பீரோ என்று பெயர் விழுந்துவிட்டது.

நான் அப்போது பேசின் பிரிட்ஜ் பவர் ஹவுஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் கரண்டு சம்பந்தமாக யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என் சட்டையைத்தான் பிடிப்பார்கள். இடி இடித்தால்கூட, "இன்னா தண்டபாணி, இன்னிக்கு இவ்ளோ சத்தம்?" என்று என்னைத்தான் கேட்பார்கள். பிளக்கைச் சொருகியதும் பீரோ ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, பூனை மாதிரி உறும ஆரம்பித்தது. கூடம் முழுக்கத் தலைகள். எல்லாவற்றுக்கும் முன்னால் கன்னியம்மா.

கன்னியம்மா பாய்க்கு அடுத்த வீடு. மீன் வியாபாரம். கடற்கரையில் ஏலம் எடுக்க அவள் குரல் கொடுத்தால், ஹார்பரில் நிற்கிற கப்பல் பயந்துபோய் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு கிளம்பப் பார்க்கும்.

"ஏன் நைனா, கரண்டுன்னா சூடு தானே? கைய வெச்சா சுட்டுப் போட்ருது. இதுல மட்டும் எப்டி குளிரு வரும்? டகுல் வுடாதே."

"இது குளிரை உண்டு பண்றதில்ல அக்கா. உள்ள கீற சூட்டை மொண்டு மொண்டு வெளியில ஊத்துது. பின்னாடி கைய வெச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தாள். சூடு. கையை எடுத்து மூக்கில் வைத்து முகர்ந்தாள். எதையும் முகர்ந்து பார்க்காமல் நம்புகிற பெண்பிள்ளை இல்லை அவள். கொஞ்ச நேரம் பீரோவையே பார்த்தாள்.

"தோணியில தண்ணி எறைக்கிறா மாதிரின்னு சொல்லு."

"அதே தான்."

"அப்போ கதவத் தொறந்தா?"

"தோணியில ஓட்டை."

"சூடா எதுனா உள்ள வெச்சா?"

"நீயே கொடத்தால தண்ணி மொண்டு தோணிக்குள்ள ஊத்துறே."

கடலில் பிழைக்கிற ஜனங்களுக்கு இதற்கு மேல் எதையும் விளக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் புரிந்துவிட்டது. புரிந்ததும் எல்லோரும் என்ன செய்தார்கள்? வரிசையாக வந்து கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார்கள். கல்மண்டபத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். தண்டையார்பேட்டையிலிருந்து குடும்பத்தோடு, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்தார்கள். முதல் வாரம் அந்தப் பீரோ ராயபுரத்தையே குளிர்விக்கப் பார்த்து, தானே வேர்த்து, கூடத்தில் குளம் கட்டிக்கொண்டு நின்றது.

பிறகுதான் காத்தூன் பீவி அதிகாரத்தைக் கையில் எடுத்தார். பாயின் சம்சாரம். ஒல்லியான உடம்பு, பாக்கு வெட்டி மாதிரி வாய். அவர் கற்றுக்கொண்டதெல்லாம் நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டது. கொதிக்கக் கொதிக்க ஒரு தேக்சா பிரியாணியை உள்ளே தள்ளினார். பீரோ கப்பல் சங்கு மாதிரி ஊளையிட்டது, பக்கத்திலிருந்த பால், தயிர், குருமா எல்லாம் ஒன்றாகப் புளித்தது. ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்தார். மறுநாள் காலை அது அடுப்புக்கரியாக வெளியே வந்தது. ஒரு கல்யாணத்துக்குப் போக வாங்கிய மல்லிகைப் பூவை, மூடாமல் வைத்த நெத்திலிக் குழம்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அந்தப் பூவை வைத்துக்கொண்டு அவர் வண்ணாரப்பேட்டைக்குக் கிளம்பியபோது, பின்னால் போன பூனைகளின் கூட்டத்தைப் பார்த்து மொகரம் ஊர்வலம் என்று டிராபிக் போலீஸ்காரன் ரோட்டை ஒதுக்கிக் கொடுத்தான். நான் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதில் ஒரு பூனைக்குக் கொடி இருந்தது.

ஆடி மாசத்துக்குள் பீவியின் ராஜ்ஜியம் ஸ்திரமாகிவிட்டது. ஆறினது மட்டும்தான் உள்ளே போகலாம். மூடி இல்லாத பாத்திரத்துக்கு அனுமதி இல்லை. சாமானுக்கும் சாமானுக்கும் நடுவில் காத்து போக வழி விட வேண்டும். பச்சை மீன், பச்சைக் கறி சமைத்த சோற்றுக்கு மேல் தட்டில் சொட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. தனித் தட்டு, தனி மூடி. மேலே இருந்த ஐஸ் அறையில் பனி பிடித்து விரல் கனம் ஏறினால், கத்தியால் நோண்டக் கூடாது. ஸ்விட்சை அணைத்து அதுவாக அழுது முடிக்கிற வரைக்கும் விட வேண்டும். பாய் ஒரு தரம் பேனாக்கத்தியை எடுத்துக்கொண்டு கிட்டே போனார். "அத்த ஓட்ட போட்டீங்கன்னா அப்பால கப்பல்லயே போய்க் குடியிருங்க" என்று பீவி சொன்னதில் கத்தி தானாகவே மடங்கிக்கொண்டது.

இதெல்லாம் சரி. ஐஸ் பீரோவுக்கு உண்மையான சோதனை ஐப்பசியில் வந்தது.

கன்னியம்மாவின் மகள் நீலாவுக்கு நெட்டுக்குப்பத்து ரகுபதியின் மேல் மனசு. ரகுபதி எண்ணூர்க் கழிமுகத்துப் பையன். எங்கள் கரைக்கு மீன் கொண்டு வந்து இறக்குகிறபோது, ஏலத்தில் நிற்கிற நீலாவைப் பார்த்துக்கொண்டே கூடையைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, மீனெல்லாம் திரும்ப நீந்திப் போன கதையெல்லாம் உண்டு. இரண்டு வீட்டுக்கும் சம்மதம். ஒரே ஒரு தடை: ரகுபதியின் அம்மா கோவிந்தம்மா. அவங்க குடும்பத்து வழக்கம், பெண் வீட்டில் நிச்சயத்தன்று விருந்துக்கு வைக்கிற மீனின் செவுளைப் பிள்ளையின் அம்மா தன் விரலால் தூக்கிப் பார்ப்பாள். மனசுக்குப் பிடித்தால்தான் வெற்றிலைத் தட்டு மாறும். முன்னாடி ஒரு வீட்டில் செவுள் கொஞ்சம் வெளுத்திருந்தது என்று தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்தவள் அவள். திருவொத்தியூரில் இன்னொரு பெண் வீட்டார், எப்போ கூப்பிடுவாள் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே தட்டு திரும்பினால் நீலாவுக்கு ரகுபதி இல்லை. அவ்வளவுதான் சங்கதி.

நிச்சயம் ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை காலை, கன்னியம்மாவின் புருஷன் எத்திராஜ் ஒரு வஞ்சிரத்தோடு கரை ஏறினார். சாதாரண வஞ்சிரமா அது! தலை கன்னியம்மா வீட்டு வாசலில் இருந்தால் வால் என் வீட்டு வாசலில் இருக்கும். நடுவில் பாய் வீட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். எத்திராஜ் கட்டுமரத்தை மேலே இழுத்துப் போட்டுத் திரும்புவதற்குள் ஹார்பரில் புயல் கூண்டு ஏறிவிட்டது. அலை எழும்பி ரோட்டை எட்டிப் பார்த்தது. எண்ணூர் முதல் ராயபுரம் வரை ஒரு மரம் தண்ணியில் இல்லை.

கன்னியம்மா மீனையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெயம மீனுக்கு எங்க போவேன்? கருவாட்டையா காட்டுவேன் அந்தப் பொம்பளைக்கு?"

நீலாதான் சொன்னாள். "யம்மா, பீவி அத்தை வூட்ல பீரோ கீதே."

"ஐஸ் மீனா?" கன்னியம்மா இரண்டு கையையும் உதறினாள். "உமி ஒட்டிக்கினு, கண்ணு வெளுத்துப் போய், தொட்டா மாவு மாதிரி பிசுபிசுன்னு... இந்தக் கையால ஒரு நாளும் ஐஸ் மீனு வித்ததில்லடி. வாசல்லயே கண்டு புடிச்சுடுவா அவ."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பீவியின் குரல் வந்தது. எங்கள் தெருவில் சுவர் என்பது வீடு விழாமல் இருப்பதற்குத்தான், பேச்சைத் தடுப்பதற்கு இல்லை.

"ஏ கன்னியம்மா! அது வண்டில வர்ற ஐஸு. இது என் வூட்டு ஐஸு. மீன எட்த்துகினு வா. பேசிக்கினே நின்னா அங்கியே நாறிடும்."

அன்றைக்கு நடந்தது ஆபரேஷன்தான். வேறு வார்த்தை இல்லை. எத்திராஜ் குடலை எடுத்து, கடல் தண்ணீரில் அலசி, செவுளை மட்டும் விட்டுவிட்டார். கோவிந்தம்மாவின் விரலுக்கு அது வேண்டுமே. முழு மீன் பீரோவுக்குள் போகாது. நடுவில் சாய்வாக வெட்டினார். தலைப் பாதியைப் பீவி ஓர் எனாமல் பேசினில் கவிழ்த்த சல்லடைத் தட்டின் மேல் படுக்க வைத்தார். "கரையுற தண்ணி கீழ எறங்கிடணும். மீனு அதுல ஊறக் கூடாது." சுற்றிலும் ஐஸ் தட்டிலிருந்து தட்டி எடுத்த கட்டிகள். மேலே மெழுகுத் துணி. ஐஸ் அறைக்கு நேர் கீழே, அதிகக் குளிர் இறங்குகிற இடத்தில் பேசின் போனது. வால் பாதியை வாழை இலையில் சுற்றி, மெழுகுத் துணியால் இறுக்கி, ஐஸ் அறைக்குள்ளேயே திணித்தார்.

"அது எதுக்கு பீவிக்கா அங்க?" என்றாள் கன்னியம்மா.

"கீழ ரெண்டு மூணு நாளு தாங்கும். மேல கல்லா ஆயிடும், அப்பால அதும் பாட்டுக்கு கெடக்கும். மீதியக் கல்யாணத்துக்கு வெச்சுக்க."

கதவு சாத்தப்பட்டது. கன்னியம்மா தெருவுக்கே உத்தரவு போட்டாள்: பீரோ என்ற வார்த்தை ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் யார் வாயிலும் வரக் கூடாது. ஐஸ் என்று சொன்னவன் நாக்கை அறுத்து அதே பீரோவில் வைப்பாள்.

பீவி நாற்காலியைக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். ரிசர்வ் பாங்குக்குக்கூட அப்படி ஒரு காவல் இருந்திருக்காது. பாய் ஜில் தண்ணி கேட்டார்.

"பானையில கீது."

"என் பீரோ தானே இது?"

"உங்க பீரோ தான். உள்ள கீறது நீலா கல்யாணம்."

பாய் பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, இதுவும் ஜில்லென்றுதான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டார். ஐஸ் கட்டி கரையக் கரைய, காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மட்டும் கதவு திறக்கும். பேசினில் இறங்கிய தண்ணீரைக் கொட்டி, புதுக் கட்டியைப் போட்டு, கண் இமைப்பதற்குள் சாத்திவிடுவார். நான் கண் இமைத்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

சனிக்கிழமை காற்று வந்தது. காற்றா அது! ராயபுரத்துக் காக்கா ஒன்று பறக்க ஆரம்பித்து, இறங்கும்போது ஆந்திராவில் இருந்தது. எங்கள் தெரு முனையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் சாய்ந்து, லைன் அறுந்து, பகல் வேளையிலேயே தெருவில் கரண்டு போய்விட்டது. எனக்குப் பவர் ஹவுஸில் டியூட்டி. விஷயம் காதுக்கு வந்ததும், நான் முறை முடிந்து வெளியே வந்து, மழையில் நீந்திக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். பாதித் தூரம் எதிர்நீச்சல்.

பாய் வீட்டுக் கூடத்தில், பீரோ ஜுரம் கண்ட ஆள் மாதிரி நின்றது. வீட்டிலிருந்த ரஜாய், கம்பளி எல்லாவற்றையும் அதற்குச் சுற்றியிருந்தார் பீவி. நாற்காலியில் தஸ்பீ மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தரையில் கன்னியம்மா, கற்பூரம் ஏற்றலாமா என்று யோசித்துக்கொண்டு. மூலையில் நீலா, அழுது முடித்து, அடுத்த அழுகைக்கு முன்னால் இளைப்பாறிக்கொண்டு.

"ஒரே ஒரு தபா தொறந்து பாத்துடட்டுமா பீவிக்கா? உள்ள இன்னா ஆச்சோ..."

"தொட்டே, கைய முறிச்சுடுவேன். இப்போ எறைக்கிற ஆளு இல்ல. ஓட்டையும் போடாம இருந்தா தோணி நிக்கும். பாக்கணும்னு தொறந்தியோ, அதான் முழுகும்."

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பேசின் பிரிட்ஜில் அத்தனை பெரிய மிஷின்களுக்கு நடுவில் நின்றவன். அங்கே வராத பயபக்தி இங்கே வந்தது. கரண்டு இல்லை, சத்தம் இல்லை. ஒரு ரஜாய்க்குள் கடல் ஒன்று மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது மாதிரி இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு லைனைச் சேர்த்துவிட்டார்கள். பீரோ சிலிர்த்துக்கொண்டு உறுமியதும், பீவி முதல் வேலையாக முதுகுப் பக்கத்து ரஜாயை உருவினார். சூடு வெளியே போக வழி வேண்டுமே. அப்புறம்தான் கன்னியம்மாவைக் கட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. கடல் விடவில்லை, கூண்டு இறங்கவில்லை. நெட்டுக்குப்பத்து ஜனம் எண்ணூரில் ரயிலேறி வந்து சேர்ந்தது. முன்னால் கோவிந்தம்மா. நல்ல உயரம், கறுத்துக் காய்ந்த முகம், கையில் வெற்றிலைத் தட்டு. பின்னால் ரகுபதி, புதுச் சட்டையில் வேர்த்துக்கொண்டு.

உட்கார்ந்ததும் கோவிந்தம்மா தன்மையாகத்தான் பேசினாள். "கடலு மூடிக் கெடக்குது. உங்க வூட்ல மீனு இருக்காதுன்னு தெரியும். வழக்கத்த இன்னொரு நாளு பாத்துக்கலாம். கருவாட்டுக் கொழம்பு போதும்."

அங்கேயே வாயை மூடிக்கொண்டு கன்னியம்மா கருவாட்டை எடுத்து வைத்திருக்கலாம். மீன்காரி கௌரவம் விடுமா?

"எங்க வூட்ல மீனு இல்லாமயா?" என்று உள்ளே போய், தாம்பாளத்தில் அந்தத் தலைப் பாதியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

நான் அந்த மீனை அப்போதுதான் மறுபடி பார்த்தேன். வியாழக்கிழமை எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. முதுகில் நீலம் மின்னியது. கண் துறுத்திக்கொண்டு கண்ணாடி மாதிரி தெளிவாக என்னைப் பார்த்தது. கொஞ்சம் விட்டால், "தண்டபாணி, சௌக்கியமா?" என்று கேட்டிருக்கும்.

கோவிந்தம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். விரலால் சதையை அழுத்தினாள். குழி உடனே நிமிர்ந்தது. குனிந்து முகர்ந்தாள். செவுளைத் தூக்கினாள். ரத்தச் சிவப்பு. கன்னியம்மாவின் முகத்தில் ஏலம் எடுத்தவளின் சிரிப்பு.

கோவிந்தம்மாவின் முகம் இருண்டது.

"யாரு போனது?"

"இன்னா சம்பந்தி?"

"இந்தக் கடல்ல யார அனுப்பினீங்க? இது இன்னிக்கு மீனு. மிஞ்சிப் போனா நேத்து சாயங்காலம். எனக்கா தெரியாது? கூண்டு ஏத்தி கீது, அலை பனமர ஒசரம் எழும்புது, எவ வயித்துல பொறந்த புள்ளைய இதுக்காவ கடலுக்கு அனுப்பினீங்க?"

அவள் எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை, தாழ்ந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"எங்க வூட்டுக்காரரு இப்டித்தான் போனாரு. என் நாத்தனா நிச்சயத்துக்கு. மீனு இல்லாம எப்டி சபையில ஒக்கார்றதுன்னு, கூண்டு ஏத்தினப்புறம் போனாரு. மரம் மட்டும் திரும்பி வந்துச்சு. அன்னிலேருந்து கூண்டு ஏறின நாள்ல எங்க வூட்டு அடுப்புல மீனு ஏறினதில்ல." ரகுபதியின் கையைப் பிடித்தாள். "ஒரு கொழம்புக்கு ஆள அனுப்புற வூட்டுக்கு என் புள்ளையத் தர மாட்டேன். வாடா."

தட்டைத் தூக்கிவிட்டாள்.

"யாரும் போவல! அய்யோ, யாரும் போவல!" கன்னியம்மா குறுக்கே விழுந்தாள். "அது பழைய மீனு! வியாயக்கெயம மீனு!"

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டு நின்றாள். ஆயுசு பூராவும் கடற்கரையில் நின்று, பழைய மீனை இப்போது பிடித்தது என்று சத்தியம் பண்ணிய வாய் அது. முதல் முதலாகத் தன் மீன் பழசு என்று சத்தியம் பண்ணியது. அதை நம்பத்தான் ஆள் இல்லை.

"எனக்கு மீனு பாக்கத் தெரியாதுன்றியா?" என்றாள் கோவிந்தம்மா.

"ஐஸ்ல வெச்சது சம்பந்தி! மாரியாத்தா மேல ஆணை!"

"ஐஸ் மீனா? ஐஸ் மீனு கண்ணு இப்டியா இருக்கும்? பொய் சொல்றதுல ஒரு ஒயுங்கு வாணாம்?"

"யத்தே," என்று நீலா முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "பக்கத்து வூட்டுக்கு ஒரு தபா வந்து பாருங்க. பாத்துட்டு அப்பால போங்க. நான் தடுக்க மாட்டேன்."

கோவிந்தம்மா ரகுபதியைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்துத்தான் படி இறங்கினாள் என்று நினைக்கிறேன்.

பாய் வீட்டுக் கூடத்தில் தெருவே திரண்டுவிட்டது. பீவி முக்காட்டைச் சரி செய்துகொண்டு கைப்பிடியை இழுத்தார். கதவு திறந்தது. மழை ஈரம் நிறைந்த காற்றில், உள்ளேயிருந்து வெள்ளைப் புகை உருண்டு இறங்கிக் கோவிந்தம்மாவின் காலைத் தொட்டது. அவள் பின்வாங்கினாள். பீவி ஐஸ் அறையிலிருந்து அந்த மூட்டையை எடுத்துப் பிரித்து, வால் பாதியை அவள் இரண்டு கையிலும் வைத்தார்.

அது மீனாகவே இல்லை. வெண்பனி பூத்த ஒரு கட்டை. அந்தச் சில்லிப்பில் கோவிந்தம்மாவின் கை தானாக விலகியது. அது சிமெண்டுத் தரையில் விழுந்து 'ணங்' என்றது. ஹார்பரில் இரும்புச் சட்டம் விழுந்தால் வருமே, அந்தச் சத்தம். என் காதில் இன்னும் இருக்கிறது. தரை கீறிவிட்டது என்று பாய் ரொம்ப நாள் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

"எத்திராஜு, தலைய எட்த்தா" என்றார் பீவி.

தாம்பாளம் வந்தது. கோவிந்தம்மா தரையில் குந்தினாள். வால் பாதியை எடுத்துத் தலைப் பாதியோடு சேர்த்துப் பார்த்தாள். சாய்ந்த வெட்டு சாய்ந்த வெட்டோடு பொருந்தியது. எலும்புக்கு எதிரே எலும்பு. தோலின் புள்ளிக் கோடு ஒரு பக்கம் நின்ற இடத்திலிருந்து மறுபக்கம் தொடர்ந்தது. ஒரே மீன். ஒரு பாதி இன்று பிடித்தது போல, மறு பாதி கல்லாகி. அவள் கட்டைவிரல் பட்ட இடத்தில் பனி கரைந்து, அடியிலிருந்து வஞ்சிரத்தின் வெள்ளி எழுந்து வந்தது.

அவள் எழுந்து, திறந்த கதவுக்குள் தன் முழங்கை வரைக்கும் நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவரு கடல்ல முழுகி எயுந்து வந்தா சொல்லுவாரு," என்றாள், எங்கள் யாரையும் பார்க்காமல். "மேலத் தண்ணி சூடு கோவிந்து, அடியில போவப் போவ ஜில்லுன்னு இருக்கும், அங்கதான் பெரிய மீனு நிக்கும்னு. நான் நம்பினதில்ல. இப்டித்தான் இருக்குமா?"

அவள் கன்னியம்மா பக்கம் திரும்பினாள்.

"நெசமாவே யாரும் போவலியா?"

"ஒரு ஆளும் போவல. அந்தத் தாம்பாளத்தத் தாண்டி சத்தியம் பண்றேன்."

தாண்டினாள். கோவிந்தம்மா மகனைக் கூப்பிட்டு, அவன் கையைப் பிடித்துப் பீரோவுக்குள் தன் கை இருந்த இடத்தில் வைத்தாள்.

"பாத்துக்க. மீனு காத்துகினு இருக்குமாம். கூண்டு ஏத்தினா நீயும் கரையில காத்துகினு குந்து. சபை, கௌரவம்னு எவன்னா சொன்னா, இங்க இட்டாந்து காட்டு."

பிறகு, அந்தக் கூடத்திலேயே, பீரோவுக்கு முன்னால் நின்று, வெற்றிலைத் தட்டைக் கன்னியம்மாவிடம் நீட்டினாள். தட்டு மாறியது. நீலா சுவரைப் பிடித்துக்கொண்டாள். ரகுபதி இன்னும் கையை உள்ளே வைத்தபடியே நின்றான். எடுக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை.

வால் பாதியைத் திரும்ப மேலே வைக்கப் போன கன்னியம்மாவைப் பீவி தடுத்தார். "கரைய ஆரம்பிச்சத மறுபடி ஒறைய வெக்கக் கூடாது. கெட்டுப் போவும். அடுப்புக்குக் கொண்டா." ஆக இரண்டு பாதியும் ஒரே சட்டிக்குப் போயின. அந்தக் குழம்பின் வாசனைக்கு ஹார்பரில் ஒதுங்கி நின்ற கப்பல்கள் கரைப் பக்கம் மூக்கைத் திருப்பின என்றால் பாருங்கள்.

இலை போட்டாயிற்று. கோவிந்தம்மாவின் இலையில் முதல் துண்டு விழுந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வெளியே கடல் கரையை அறைந்துகொண்டிருந்தது. கூண்டு ஏறின நாள். கன்னியம்மா கரண்டியைப் பிடித்தபடி சிலையாக நின்றாள்.

கோவிந்தம்மா ஒரு துணுக்கைப் பிய்த்து வாயில் வைத்தாள். மென்றாள். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. இன்னொரு துணுக்கு. முழுங்கினாள்.

"உப்பு பத்தல, சம்பந்தி" என்றாள்.

உப்பு எடுக்கக் கன்னியம்மா ஓடினாளே ஓர் ஓட்டம்! அந்த வேகத்தைப் பார்த்துவிட்டு, வந்த புயல் வெட்கப்பட்டு வடக்கே திரும்பிப் போய்விட்டது.